பாதித் தண்ணீர்

கால் நனைந்துவிட்டதா தம்பி? பயப்படாதீர்கள், வெறும் தண்ணீர்தான். கேனுக்கு மூடி தொலைந்துபோய்விட்டது. பிளாஸ்டிக் பையைச் சுற்றிக் கயிறு கட்டியிருக்கிறேன். வளைவு வந்தால் ததும்பத்தான் செய்யும், சிந்திச் சிந்திப் பாதிதான் மிச்சம். ஷூவைக் கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்த்திக்கொள்ளுங்கள்.

என்ன பார்க்கிறீர்கள்? கேளுங்கள், எல்லோரும் கேட்பதுதான். மலையிலிருந்து இறங்குகிறவன் பலாப்பழம் கொண்டுவருவான், மிளகு கொண்டுவருவான். இந்தக் கிழவன் எதற்குத் தண்ணீரைச் சுமந்துகொண்டு இறங்குகிறான்? அதுவும் இது மலைத் தண்ணீர்கூட இல்லை. காலையில் அடிவாரத்தில் என் வீட்டுக் குழாயில் பிடித்தது. மேலே கொண்டுபோனேன், இதோ திரும்பக் கீழே கொண்டுபோகிறேன். வெள்ளிக்கிழமை தவறாமல் இதே வேலை. அந்தக் கண்டக்டர் இருக்கிறானே, அவனுக்கு இது ஒரு விளையாட்டு. "என்ன செங்கோடண்ணே, தண்ணிக்கு மலையச் சுத்திக் காட்டியாச்சா? அதுக்கும் ஒரு டிக்கெட் போட்டுரட்டுமா?" என்பான். போடட்டும். நான் யாருக்கும் பயந்தவன் இல்லை.

இதைச் சொல்ல வேண்டுமென்றால் எனக்கு நடந்த அநியாயத்தைச் சொல்ல வேண்டும். நீங்கள் எங்கே இறங்க வேண்டும்? அடிவாரமா? அப்படியானால் நேரம் இருக்கிறது.

நான் தண்ணீர் லாரி டிரைவர். இப்போது இல்லை, அப்போது. மேலே பாக்சைட் சுரங்கம் இருக்கிறதே, அந்தக் கம்பெனியில். சுரங்கம் என்றதும் பூமிக்குள் குகை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். மலையின் தலையைச் சீவி எடுப்பதுதான் வேலை. எடுத்த கல்லை டிப்பர் லாரிகள் கீழே யார்டுக்குக் கொண்டுவரும். அதற்கென்று கம்பெனி தனியாக ஒரு ரோடு வெட்டியிருக்கிறது. லோடு ரோடு என்போம். தார் கிடையாது, செம்மண். வெயில் காலத்தில் ஒரு டிப்பர் போனால், பின்னால் வருகிறவனுக்கு அவன் வண்டி மூக்கே தெரியாது. அந்தத் தூசியை அடக்குகிறவன் நான். மேலே குழியில் தேங்கும் தண்ணீரை டேங்கில் நிரப்பி, பின்னால் சல்லடைக் குழாயைத் திறந்துவிட்டு, இறங்கிக்கொண்டே ரோட்டை நனைத்து வருவேன். நான் நனைத்தால்தான் டிப்பர் ஓடும். டிப்பர் ஓடினால்தான் கம்பெனி. இதை அங்கே யாரும் சொல்ல மாட்டார்கள். அதனால் நானே சொல்கிறேன்.

பாதி மலையில் ஒரு கொண்டை ஊசி வளைவு. அதற்குக் கீழே செங்குத்தான இறக்கம். அங்கே ரோட்டை நனைக்கக் கூடாது, லோடு வண்டி வழுக்கும். ஆகவே வளைவுக்கு முன்னாலேயே குழாயை மூடிவிட வேண்டும். மூடினால் டேங்கில் பாதித் தண்ணீர் மிச்சம் நிற்கும். இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். முழு டேங்கில் ஆபத்தில்லை. காலி டேங்கில் ஆபத்தில்லை. பாதி டேங்க் இருக்கிறதே, அது எமன். பிரேக்கை மிதித்தால் தண்ணீர் ஓடிவந்து முன்னால் முட்டும். ஸ்டியரிங்கை ஒடித்தால் பக்கவாட்டில் போய் வண்டியைத் தூக்கும். இந்தக் கேனே என்ன ஆட்டம் ஆடுகிறது பாருங்கள். திரும்பி மேலே போகலாமென்றால் ரோட்டில் வண்டியைத் திருப்ப இடமில்லை. யார்டு வரைக்கும் இறங்கித்தான் ஆக வேண்டும். அதனால் வளைவில் வண்டியை நிறுத்தி, பெரிய வால்வைத் திறந்து, மிச்சத்தைக் கொட்டிவிட்டுக் காலி வண்டியாக இறங்க வேண்டும். அதுதான் முறை.

எனக்கு முன்னால் ஓட்டியவர்கள் ரோட்டின் வெளி ஓரத்தில் பாறைமேல் கொட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். அது பாறையில் வழிந்து காணாமல் போகும். எத்தனை வருஷத் தண்ணீர், வீண்! நான்தான் உள்பக்கம் பார்த்தேன். மலையோரமாக ஒரு பள்ளம். பள்ளத்துக்கு மேலே கன்னிமார் கல் ஏழு. ஏழு என்றால், நான் பார்த்தபோது ஆறு இருந்தது. ஏழாவதை டிப்பரிலிருந்து உதிர்ந்த கல்லில் நல்லதாகப் பார்த்து நான் எடுத்து வைத்தேன். கன்னிமார் ஏழு பேர் என்பது ஊருக்கே தெரியும். பள்ளத்தைச் சுற்றி மண் அணை போட்டேன். ஒரு சொட்டு வெளியே போகாது. வாழைக்கன்று வைத்தேன், அரளி வைத்தேன். ஒவ்வொரு நடைக்கும் மிச்சத் தண்ணீரை அங்கேதான் விடுவேன். குளம் மாதிரி நிற்கும். அடுத்த நடைக்குள் மண் குடித்துவிடும். நான் திரும்ப விடுவேன், அது திரும்பக் குடிக்கும். என்ன தாகம் என்கிறீர்கள்! வாழை என் தலைக்குமேல் வளர்ந்தது. டிப்பர் டிரைவர்கள் எலுமிச்சம்பழம் வைத்து, என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். கன்னிமாரைத்தான் கும்பிட்டார்கள். நானும் பக்கத்தில் நின்றேன்.

அடுத்த கோடையில் ஒரு அதிசயம் நடந்தது.

அந்த வளைவுக்கு நேர் கீழே கொய்யாக்காடு என்று ஒரு சிற்றூர். கோடை வந்தால் அந்தப் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடைவரை நடப்பார்கள். அந்த வருஷம் மலை முழுவதும் காய்ந்து கிடக்கிறது. அந்த ஊரில் மட்டும், வீடுகளுக்கு மேற்கே மண் சரிவில், ஊற்று கண் திறந்திருக்கிறது. சித்திரை வெயிலில்! கட்டை விரல் தடிமனுக்குத் தண்ணீர். நல்ல தண்ணீர், கொஞ்சம் செம்மண் வாடை, அவ்வளவுதான். ஊரே கூடிவிட்டது. மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, மேலே யார் கன்னிமாரைக் கவனித்துக்கொள்கிறார்கள் என்று விசாரித்து, மேளத்தோடு வந்து எனக்கு மாலை போட்டார்கள். லாரிக்கும் போட்டார்கள்.

அந்த ஊற்றால்தான் என் மகள் கோகிலாவுக்குக் கல்யாணம் ஆனது. உண்மையாகத்தான் சொல்கிறேன். "கன்னிமார் பேச்சுக் கேட்கிற மனுஷன் வீட்டுப் பொண்ணு எங்களுக்கு வேணும்" என்று அந்த ஊரில் வீடு, காடு உள்ள நல்ல இடத்திலிருந்து தேடி வந்தார்கள். நான் ஒரு டிரைவர். என் வீட்டுக்காரி போய்ச் சேர்ந்திருந்தாள். பெண்ணைப் பத்தாவது வரைக்கும் படிக்கவைத்திருந்தேன், அதற்குமேல் என்னிடம் என்ன இருந்தது? அந்த ஊற்றுதான் சீர். மாப்பிள்ளை வீட்டில் முதல் பந்தியில் என்னை நடுவில் உட்காரவைத்தார்கள். அந்த மரியாதையை நினைத்துப் பாருங்கள். பிறகு என்ன செய்தார்கள் என்பதையும் கேளுங்கள்.

சில வருஷம் கழித்து ஐப்பசி அடைமழை. ஒரு காலையில் வளைவில் ரோட்டின் வெளிப்பாதி அப்படியே கீழே போய்விட்டது. கடித்துவைத்த தோசை மாதிரி நிற்கிறது ரோடு. நல்ல வேளை, வண்டி எதுவும் இல்லை. சேறும் கல்லும் மரமுமாகக் கொய்யாக்காட்டுக்கு இறங்கி, என் மருமகனுடைய ஆட்டுக் கொட்டகையைத் தூக்கிக்கொண்டு போய், என் மகள் வீட்டு வாசற்படியில் வந்து நின்றது. கோகிலா கைக்குழந்தையோடு நிலைப்படியில் நிற்கிறாள். அவள் பாதத்துக்கும் சேற்றுக்கும் நடுவில் ஒரு படி. நான் ஓடிப்போய்ப் பார்க்கும்போதும் அவள் அப்படியே நிற்கிறாள். கூப்பிட்டால் காதில் விழவில்லை. நான்தான் குழந்தையை வாங்கினேன்.

படியில் வந்து ஏன் நின்றது? யார் நிறுத்தினார்கள்? நீங்களே சொல்லுங்கள். வளைவில் போய்ப் பார்க்கிறேன், பாதி ரோடு இல்லை, ஏழு கல்லும் அசையாமல் நிற்கின்றன! ஏழாவது கல்கூட!

கம்பெனி என்ன செய்தது? டிப்பர் டிப்பராகக் கழிவுக் கல்லைக் கொட்டி நிரவி, ரோலர் விட்டு, வண்டியை ஓட்டச் சொன்னது. மழை நின்றது, தை பிறந்தது, தூசி கிளம்பியது. நானும் பழையபடி நனைத்தேன், பழையபடி மிச்சத்தை விட்டேன். மாசியில் ஒரு பொட்டு மழை இல்லை. ஆனால் கொட்டிய கல் மறுபடி கீழே இறங்க ஆரம்பித்தது. ரோட்டில் விரிசல். அப்போதுதான் கம்பெனி அந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தது.

சுகந்தி மேடம். மண்ணைப் படித்தவர். தொப்பி, கையில் சுத்தி. வந்த அன்றே விரிசலுக்குக் குறுக்கே கண்ணாடித் துண்டுகளைச் சிமெண்ட் வைத்து ஒட்டினார். பூமி அசைந்தால் கண்ணாடி உடையுமாம். உடைந்தது. வேறு ஒட்டினார். அதுவும் உடைந்தது. பிறகு குழி வெட்டி மண்ணை முகர்ந்து பார்த்தார். மண்ணை முகர்ந்து பார்க்கிற பெண்பிள்ளையை நான் அன்றுதான் பார்த்தேன்.

என்னிடம் வந்து மரியாதையாகத்தான் கேட்டார். இல்லை என்று சொல்ல மாட்டேன்.

"ஐயா, வாழை நல்லா வந்திருக்கே. யாரு தண்ணி விடறது?"

"நாந்தாங்க மேடம். வேற யாரு?"

"எவ்வளவு விடுவீங்க?"

"கணக்குப் பாத்தா சாமிக்குச் செய்ய முடியும்? இருக்கிறதெல்லாம் விட்டுருவேன்."

"ஒவ்வொரு நடைக்குமா?"

"ஒரு நடை தவறினதில்லீங்க. காய்ச்சல்லகூட வந்து விட்டிருக்கேன்."

அவர் தொப்பியைக் கழற்றி, கீழே கொய்யாக்காட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். "உங்க மக வீடு அங்கதானே ஐயா?" என்றார். "ஆமாங்க, மூணாவது ஓட்டு வீடு" என்று பெருமையாகக் கைநீட்டிக் காட்டினேன்.

மறுநாள் ஒரு டப்பாவோடு வந்தார். செங்கல் தூள் மாதிரி ஒரு பொடி. "ஐயா, இதை உங்க டேங்க்ல கலந்து, எப்பவும் போல இங்க விடுங்க" என்றார். மண்ணுக்கு ஏதோ மருந்து என்று நினைத்துக்கொண்டேன். ஏன் நினைக்க மாட்டேன்? சரியும் மண்ணுக்கு மருந்து போடத்தானே அவரை வரவழைத்திருக்கிறார்கள்? வால்வைத் திறந்தால் தண்ணீர் கிளி நிறத்தில் வருகிறது. அப்படி ஒரு பச்சையை நான் பார்த்ததே இல்லை. பள்ளம் முழுக்க நின்றது, மண் குடித்தது. நான் இறங்கிப் போய்விட்டேன், மறந்தும் போய்விட்டேன்.

அதற்கு மறுநாள் மருமகன் ஓடி வருகிறான். "மாமா, ஊத்து பச்சையா வருது! ஊரே பயந்து கெடக்கு, வாங்க!"

போனேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஊற்றுக் கண்ணிலிருந்து கிளிப்பச்சையாகத் தண்ணீர். பெண்கள் குடத்தைக் கீழே வைத்துவிட்டுத் தள்ளி நிற்கிறார்கள். யாருக்கும் கிட்டே போகத் தைரியம் இல்லை. நான் போனேன். கற்பூரம் ஏற்றச் சொன்னேன். "பயப்படாதீங்க! கன்னிமாரு பச்சை உடுத்தி வந்திருக்காங்க! இனி மண்ணு சரியாது!" என்று சொன்னேன். குலவை போட்டார்கள், தம்பி. எல்லாப் பெண்களும் குலவை போட்டார்கள். விழுந்து கும்பிட்டவர்கள் பாதிப் பேர் என் காலிலும் விழுந்தார்கள்.

கோகிலா மட்டும் குலவை போடவில்லை. ஒரு சொம்பில் அந்தத் தண்ணீரைப் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"அப்பா, நேத்து உங்க வண்டியில என்ன ஊத்துனீங்க?"

"என்ன ஊத்துனேன்? தண்ணி."

"என்ன நெறத்துத் தண்ணி?"

அவள் எப்படிக் கேட்டாள் தெரியுமா? சின்ன வயதில் நான் குடித்துவிட்டு வந்தால் அவள் அம்மா கேட்பாளே, அந்தக் குரலில். பொய் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை. சொன்னேன். கூட்டத்துக்குப் பின்னால் சுகந்தி மேடம் குடையோடு நிற்கிறார். அவர் வாயே திறக்கவில்லை. திறந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

"அப்போ இத்தனை வருசமா நாங்க குடிச்சது உங்க லாரித் தண்ணியா?" என்றாள்.

நான் விட்டுக்கொடுக்கவில்லை. "கன்னிமாரு எது வழியா வேணும்னாலும் பச்சை உடுத்துவாங்க. என் லாரி வழியா உடுத்துனா என்ன குறைச்சல்?" என்றேன். இதில் என்ன தப்பு? யாராவது ஒருத்தர் பதில் சொல்ல முடியுமா? யாரோ சிரித்தார்கள். ஒருத்தர் சிரித்ததும் எல்லோரும் சிரித்தார்கள். அன்று வைத்த பேர்தான் பச்சைச் சாமி. "பச்சைச் சாமி வருது, குடத்த மூடு" என்பார்கள். முதல் பந்தியில் உட்காரவைத்த ஊர்!

பிறகு அந்த அம்மா வீடு வீடாகப் போய் விளக்கினார். மேலே கல் எல்லாம் ஓட்டை ஓட்டையாம், அதற்கு அடியில் வழவழப்பான களிமண்ணாம். நான் விட்ட தண்ணீர் ஓட்டை வழியாகப் போய்க் களிமண்மேல் நிற்கிறதாம். நனைந்த சோப்புக் கட்டிமேல் தட்டை வைத்தால் எப்படி நழுவும், அப்படி மலை நழுவுகிறதாம். எல்லோரும் தலையாட்டினார்கள். என் மகள் எல்லோருக்கும் முன்னால் உட்கார்ந்து தலையாட்டினாள்.

நான் ஒன்றே ஒன்று கேட்டேன். "ஐப்பசியில மழை பெஞ்சுதே, அது தண்ணி இல்லையா? மலை மேல எவ்வளவு பெஞ்சுது! என் டேங்க் எவ்வளவு! மழைய விட்டுட்டு என்னப் புடிக்கிறீங்களே?" அந்த அம்மா, "மழையும்தான் ஐயா. நீங்க மட்டும் காரணம்னு நான் சொல்லல. மழைய நிறுத்த முடியாது, வால்வ நிறுத்தலாம்" என்றார். கேட்டுக்கொள்ளுங்கள் நியாயத்தை! பலத்தவனை ஒன்றும் செய்ய முடியாதாம், அதனால் இளைத்தவனைப் பிடிப்பார்களாம். என்னைத் தண்ணீர் லாரியிலிருந்து இறக்கி, கேட்டில் தடுப்புக் கம்பியைத் தூக்குகிற வேலையில் உட்காரவைத்தார்கள். மழையை ஏன் கேட்டில் உட்காரவைக்கவில்லை?

வாழையைப் பிடுங்கினார்கள். என் மண் அணையை ஒரே நாளில் பொக்லைன் வைத்துத் தட்டினார்கள். பள்ளத்தைச் சிமெண்ட் வாய்க்கால் ஆக்கினார்கள். மலைக்குள் நீளமாகத் துளை போட்டுக் குழாய் சொருகினார்கள். அதிலிருந்து நாட்கணக்கில் தண்ணீர் வடிந்தது. கீழே கம்பிக் கூடைகளில் கல்லை அடுக்கிப் படிப்படியாகச் சுவர் எழுப்பினார்கள். நன்றாகத்தான் எழுப்பினார்கள், அதை நான் குறை சொல்ல மாட்டேன். கன்னிமார் கல்லை மட்டும் தொடவில்லை. சுகந்தி மேடம் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டாராம். ஒரு அரளியையும் விட்டுவைத்தார்கள். இதற்கு நான் அவருக்கு நன்றி சொல்ல வேண்டுமாம். சொல்லவில்லை.

இப்போது கேளுங்கள், என் பக்கத்து நியாயத்தை. என்னை லாரியிலிருந்து இறக்கிய சில நாளில் ஊற்று வற்றிவிட்டது. சுத்தமாக வற்றிவிட்டது! என்னை அவமானப்படுத்தியதும் கன்னிமார் கண்ணை மூடிக்கொண்டார்கள் பார்த்தீர்களா? இதைவிடச் சாட்சி என்ன வேண்டும்? இதைக் கோகிலாவிடம் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, "ஆமாப்பா" என்று மட்டும் சொல்லி உள்ளே போய்விட்டாள். கம்பெனி ஊருக்குக் குழாய் போட்டுக்கொடுத்தது. இப்போது குழாயடியில் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். ஊற்று இருந்தபோது சண்டை உண்டா?

அது போகட்டும். என் நெஞ்சில் தைத்தது வேறு. கம்பெனி அந்த வளைவைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் தேடியது. கண்ணாடி உடைந்திருக்கிறதா பார்க்க வேண்டும், மழை எவ்வளவு பெய்தது என்று அளக்க வேண்டும், வாய்க்காலில் இலை அடைத்தால் எடுக்க வேண்டும். யாரைப் போட்டார்கள் தெரியுமா? என் மகளை. சுகந்தி மேடம்தான் சொல்லிக்கொடுத்தார். காக்கிச் சட்டையைப் புடவைமேல் போட்டுக்கொண்டு, என் வளைவில், என் கன்னிமார் பக்கத்தில், என் மகள் எனக்கு எதிராகக் காவல் நிற்கிறாள். உங்களுக்கு மகள் இருக்கிறாளா? இல்லையா? இருந்தால்தான் தெரியும்.

ஒருநாள் தண்ணீர் லாரி ஓட்டுகிற புது டிரைவர் வரவில்லை. தூசி தாங்கவில்லை. சூப்பர்வைசர் வேறு வழியில்லாமல் என்னிடம் சாவியைக் கொடுத்தான். "அண்ணே, இப்பல்லாம் டேங்க் நெறைக்கக் கூடாது. வளைவு வரைக்கும் போதுமான அளவு மட்டும் புடிங்க" என்றான். எனக்கே சொல்கிறான்! நான் கழுத்துவரை நிரப்பினேன்.

நனைத்துக்கொண்டே இறங்கினேன். வளைவுக்கு முன்னால் குழாயை மூடினேன். பழைய இடத்தில் நிறுத்தி இறங்கினேன். கோகிலா வாய்க்காலில் குனிந்து இலை அள்ளிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள்.

"அப்பா, வண்டிய எடுங்க."

"நான் உன்னப் பாக்க வரல. அவங்களப் பாக்க வந்தேன்."

"பாத்தாச்சில்ல. எடுங்க."

"காஞ்சு கெடக்குறாங்கடி. ஒரு வாய் தண்ணி."

"ஒரு வாயா அது? டேங்க் சத்தமே சொல்லுதே."

நான் அவளைத் தாண்டிப் போய் வால்வில் கை வைத்தேன். அவள் கத்துவாள், ஆள் கூப்பிடுவாள் என்று நினைத்தேன். அதற்குத் தயாராகத்தான் இருந்தேன். அவள் என்ன செய்தாள் தெரியுமா? வந்து வால்வுக்கு நேர் கீழே தரையில் உட்கார்ந்துகொண்டாள். காக்கிச் சட்டையோடு சம்மணம் போட்டு.

"ஊத்துங்க. மொதல்ல என் தலைமேல ஊத்துங்க. அது எப்படியும் என் வீட்டுக்குத்தான போகப்போகுது. பாப்பா தூங்கிட்டிருக்கா. ஊத்துங்கப்பா."

வால்வு இறுகிப் போயிருந்தது, தம்பி. அந்தப் புது டிரைவருக்குக் கிரீஸ் வைக்கத் தெரியாது. இரண்டு கையாலும் பிடித்தேன், அசையவில்லை. நான் பூப்போல வைத்திருந்த வால்வு. அவள் சொன்னதற்காக இல்லை. அதை நீங்கள் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். வால்வு இறுகியிருந்தது, அவ்வளவுதான்.

வண்டியில் ஏறி, பாதித் தண்ணீரோடு இறங்கினேன்.

அந்த இறக்கத்தில் பாதி டேங்கோடு எவனாவது இறங்கியிருக்கிறானா? கேட்டுப் பாருங்கள். முதல் வளைவில் தண்ணீர் வந்து முட்டியது பாருங்கள், ஸ்டியரிங் கையைவிட்டுப் பிடுங்கிக்கொள்ளப் பார்த்தது. இரண்டாவது வளைவில் இடது பக்கத்து டயர் தரையில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. பிரேக்கைத் தொடாமல், முதல் கியரில், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்கிற மாதிரி வண்டியை நடத்தினேன். யார்டில் வந்து நிறுத்தியபோது சட்டை பிழிகிற மாதிரி இருந்தது. சூப்பர்வைசர் டேங்கைத் தட்டிப் பார்த்தான். "என்னண்ணே, பாதித் தண்ணியோட எறங்கியிருக்கீங்க? உசுரு மேல ஆசையில்லையா?" என்றான். ஒரு பாராட்டு இல்லை. சாவியை அவன் கையில் கொடுத்தேன், அதோடு கம்பெனி வேலையையும் விட்டேன். அவர்கள் நிறுத்தவில்லை. நான் விட்டேன்.

அதற்கப்புறம்தான் இந்தக் கேன். லாரியைத்தானே பிடுங்கினீர்கள், கையைப் பிடுங்க முடியுமா? வெள்ளிக்கிழமை வந்தால் கேனை நிரப்பி, பஸ் ஏறி, கம்பெனி கேட்டில் இறங்கி, வளைவுக்கு நடப்பேன். முதல் தடவை போனபோது கோகிலா கேனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பையிலிருந்து ஒரு சொம்பை எடுத்து வைத்தாள். அந்தப் பழைய சொம்புதான். கன்னிமாருக்கும் அரளிக்கும் சேர்த்து ஒரு சொம்பு. "போதும்" என்றாள்.

அன்றிலிருந்து அதே கணக்கு. ஒரு சொம்பு. ஊற்றுவேன், கும்பிடுவேன், கேனைக் கட்டுவேன். பிறகு அவள் டிபன் பாக்ஸைத் திறப்பாள். "சோறு தவறிப்போய்க் கூட வெச்சுட்டேன், சாப்புடுங்க" என்பாள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தவறிப்போவாள். என்ன பெண்ணோ, அளவே தெரியாது. மழையை மட்டும் அளந்துவிடுவாளாம்.

என்ன சிரிக்கிறீர்கள்? ஒரு சொம்புக்கு ஒரு சொம்பு மட்டும் கொண்டுபோனால் போதாதா என்கிறீர்களா? நல்ல கேள்வி கேட்டீர்கள். மருமகனும் அதைத்தான் கேட்டான். சொம்பு மட்டும் கொண்டுபோனால் நான் ஒத்துக்கொண்டதாக ஆகிவிடாதா? அந்த அம்மா சொன்னது சரி, நான் செய்தது தப்பு என்று ஆகிவிடாதா? அதனால்தான் கேன் நிறையக் கொண்டுபோகிறேன். என்னிடம் தண்ணீர் இருக்கிறது, ஊற்ற முடியும், யாருக்காகவும் நான் குறைக்கவில்லை என்று அவள் கண்ணால் பார்க்க வேண்டும். பார்க்கட்டும். பார்த்துவிட்டு அவளே மூடச் சொல்லட்டும். நான் ஒத்துக்கொள்ளவில்லை, தம்பி. சாகிற வரைக்கும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பிடியுங்கள், பிடியுங்கள்! வளைவு. கேனை இரண்டு காலுக்கும் நடுவில் இறுக்கிக்கொள்ளுங்கள். பாதித் தண்ணீர் இப்படித்தான் ஆடும் என்று சொன்னேனா இல்லையா? ஐயோ, பேன்ட்டும் நனைந்துவிட்டது உங்களுக்கு.

என்னது? ஜன்னல் வழியாகக் கொட்டிவிடுவதா? இங்கேயா?

நல்ல ஆள் நீங்கள். படித்தவர் மாதிரி இருக்கிறீர்கள், எட்டிப் பார்த்துப் பேச வேண்டாமா? கீழே வீடுகள் இருக்கின்றன.